வெல்க்ரோ பட்டையைத் தேர்ந்து, அளந்து, தைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

12 ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனைக்காக 40 மணிக்கட்டுப் பட்டைகள் தைத்துக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் பாதி திரும்பி வந்தன. இரவில் தானாகவே பிரிந்துகொள்கின்றன என்று புகார். 25 மில்லிமீட்டர் வெல்க்ரோவைப் பிரித்துவிட்டு 50 மில்லிமீட்டர் வெல்க்ரோவை வைத்துத் தைத்து அனுப்பினேன். இப்போது பிரியவில்லை. நிம்மதியோடு நேரில் பார்க்கப் போனேன். வலது மணிக்கட்டு உடைந்திருந்த ஒரு பாட்டி, பட்டையின் நுனியைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார். இடது கையில் அதற்கான வலு இல்லை. என்னைப் பார்த்து, "கட்டுவது சுலபமாகத்தான் இருக்கிறது தம்பி, கழற்றத்தான் பல் வேண்டியிருக்கிறது. எனக்கு இருப்பதே நாலு பல்" என்றார்.

இரண்டு முறையும் வெல்க்ரோவின் தரத்தில் குறை இல்லை. எந்தத் திசையில் இழுப்பு விழுகிறது, எந்தத் திசையில் திறக்கப் போகிறார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. இந்த வழிகாட்டி அந்த யோசனையிலிருந்து தொடங்குகிறது. பை, பட்டை, காலணி, மெத்தை உறை, கருவி உறை என்று நீங்கள் எதைத் தைத்தாலும் வரிசை இதுதான்.

முதலில் பூதக்கண்ணாடி

ஒரு துண்டு வெல்க்ரோ வாங்கி, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கண்ணாடியின் கீழ் வையுங்கள். சொரசொரப்பான பக்கத்தில் வரிசை வரிசையாகக் கொக்கிகள் நிற்கும். ஒவ்வொன்றும் ஒற்றை நைலான் இழை, தூண்டில் முள் போல வளைந்தது. மெத்தென்ற பக்கத்தில் மெல்லிய இழைகள் ஒழுங்கே இல்லாமல் சுருண்டு கிடக்கும். அவைதான் கண்ணிகள். அந்த ஒழுங்கின்மை வேண்டுமென்றே செய்யப்பட்டது. நெய்து முடித்த பின் தூரிகையால் சீவிக் கலைத்துவிடுகிறார்கள். கண்ணிகள் எல்லாம் ஒரே பக்கம் படிந்து கிடந்தால் கொக்கிக்கு அகப்படாது.

கொக்கியை இன்னும் கூர்ந்து பாருங்கள். அதன் பக்கத்திலேயே ஒரு மொட்டைக் காம்பு நிற்கும். அது உற்பத்திக் குறை அல்ல. கொக்கிகளும் முதலில் கண்ணிகளாகத்தான் நெய்யப்படுகின்றன. சூடு காட்டி விறைப்பேற்றிய பின், ஒவ்வொரு கண்ணியின் ஒரு காலை மட்டும் உச்சிக்குச் சற்றுக் கீழே வெட்டிவிடுகிறார்கள். வெட்டிய பாதி மொட்டைக் காம்பாகவும் மீதி கொக்கியாகவும் நின்றுவிடுகிறது.

இந்த ஒரு வெட்டுக்குப் பின்னால் பல வருட உழைப்பு இருக்கிறது. 1941இல் சுவிட்சர்லாந்தின் பொறியாளர் ஜார்ஜ் த மெஸ்த்ரால் நாயோடு மலைப்பக்கம் போய்த் திரும்பியபோது, உடையிலும் நாயின் ரோமத்திலும் ஒட்டியிருந்த பர்டாக் செடியின் காய்களை நுண்ணோக்கியில் பார்த்தார் என்பது பலருக்கும் தெரிந்த கதை. நம் ஊரில் இந்தச் செடி இல்லை. ஆனால் தரிசு நிலத்தில் நடந்தவர்களுக்கு மருளூமத்தங்காயைத் தெரிந்திருக்கும். அதன் முள்நுனியும் இதே போல் வளைந்தது. கொக்கியைப் பார்த்தது ஒரு நாள் வேலை. அதை ஆயிரக்கணக்கில் செய்வதுதான் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பிரான்சின் லியோன் நகரத்து நெசவாளர் ஒருவர் பருத்தியில் செய்து கொடுத்த மாதிரி சீக்கிரமே தேய்ந்துபோயிற்று. நைலான் தாங்கியது, வெப்பத்தில் வைத்த வளைவை மறக்கவும் இல்லை. வெட்டுவதற்கு இயந்திரம் அமைப்பதுதான் கடைசித் தலைவலி. அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தபோது ஆண்டு 1955. வெல்க்ரோ என்ற பெயர் 'வெலூர்' (வெல்வெட்), 'குரோஷே' (கொக்கி) என்ற இரு பிரெஞ்சுச் சொற்களின் தலைகளைச் சேர்த்தது. முறைப்படி அது ஒரு நிறுவனத்தின் வணிகப்பெயர். மூலக் காப்புரிமை 1978இல் காலாவதியான பின் பலரும் இதே பட்டையைச் செய்கிறார்கள். பேச்சு வழக்கில் எல்லாமே வெல்க்ரோதான், இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

கண்ணாடியை இறக்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஒரே ஒரு கொக்கியை ஊசி முனையால் மேலே இழுத்துவிடுங்கள். நிமிரும், விட்டதும் பழையபடி வளையும். பட்டையைப் பிரிக்கும்போது நடப்பது இதுதான். கொக்கி உடைவதில்லை, கண்ணி அறுவதில்லை (அவ்வப்போது அறும், அதனால்தான் பட்டைக்கு வயதாகிறது). நிமிர்ந்து, விட்டு, மறுபடி வளைகிறது. 'சர்ர்' என்ற சத்தமும் அதிலிருந்து வருவதே.

இழுப்பின் திசையைத் தீர்மானியுங்கள்

ஒட்டிய வெல்க்ரோவை மூன்று விதமாகப் பிரிக்கலாம். நுனியைத் தூக்கி வாழைப்பழத் தோலைப்போல உரிக்கலாம். இரண்டு பக்கங்களையும் எதிரெதிராகப் பக்கவாட்டில் இழுக்கலாம். அல்லது இரண்டையும் நேர் எதிரே, சுவரிலிருந்து படத்தைப் பிடுங்குவதுபோல் இழுக்கலாம்.

மூன்றையும் கையால் செய்து பாருங்கள். உரிப்பதற்கு இரண்டு விரல் போதும். பக்கவாட்டில் இழுத்தால் அதே துண்டு உங்கள் தோளையே கேட்கும். காரணம் எளிது. உரிக்கும்போது எந்த நொடியிலும் பட்டையின் குறுக்கே ஓரிரு வரிசைக் கொக்கிகள்தான் சுமை தாங்குகின்றன. அவை விட்டதும் அடுத்த வரிசை, பிறகு அதற்கடுத்தது. பக்கவாட்டு இழுப்பில் ஒட்டியிருக்கும் கொக்கிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்கின்றன. நேர் இழுப்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ஆனால் இழுப்பு சற்றுக் கோணினாலும் அது ஓர் ஓரத்தில் உரிப்பாக மாறிவிடும் என்பதால் அதை நம்பி நான் எதையும் தைப்பதில்லை.

இதிலிருந்து வரும் கணக்கை ஒரு தாளில் எழுதித் தையல் இயந்திரத்துக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன்: தாங்கும் வலு பரப்பளவைப் பொறுத்தது, திறக்கத் தேவையான வலு அகலத்தை மட்டுமே பொறுத்தது.

என் மணிக்கட்டுப் பட்டையில் நான் செய்த தவறு இப்போது புரிந்திருக்கும். அகலத்தைக் கூட்டியதால் தாங்கும் வலுவும் கூடியது, கழற்றும் பாடும் கூடியது. அகலத்தை அப்படியே விட்டு, ஒன்றின்மேல் ஒன்று படியும் நீளத்தை இரண்டு மடங்காக்கியிருந்தால் பட்டை இரண்டு மடங்கு தாங்கியிருக்கும், பாட்டியின் விரலுக்கு ஒரு கிராம் கூடுதல் சுமையும் வந்திருக்காது. கொஞ்சம் கூடுதல் நேரம் உரிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஆகவே வரைபடத்தில் முதலில் அம்புக்குறி போடுங்கள். பயன்படுத்தும்போது சுமை எந்தப் பக்கம் இழுக்கும்? அது வெல்க்ரோவின் தளத்தோடு ஒரே கோட்டில் போகட்டும். திறக்கும் விரல் எந்தப் பக்கம் இழுக்கும்? அது தளத்துக்குக் குறுக்கே மேல்நோக்கி வரட்டும். இரண்டு அம்புகளும் ஒரே பக்கம் காட்டினால் வடிவமைப்பை மாற்றுங்கள். வெல்க்ரோவை மாற்றிப் பயனில்லை. பள்ளிப்பையின் மூடி அடிக்கடி திறந்துகொள்வது இதனால்தான். உள்ளே புத்தகம் அதிகமாகி மூடியை மேல்நோக்கித் தள்ளும்போது, வெல்க்ரோ அதை உரிப்பாகவே உணர்கிறது. மூடியை இன்னும் 5 சென்டிமீட்டர் நீளமாக வெட்டி, பையின் முன்முகத்தில் கீழிறங்கி ஒட்டும்படி வைத்தால், அதே தள்ளல் பக்கவாட்டு இழுப்பாகிவிடும்.

டி வடிவ வளையம்

சுமை கூடுதலாக இருந்தால், பட்டையின் நுனியை ஒரு டி வடிவ வளையத்தில் நுழைத்து, திருப்பிக் கொண்டுவந்து அந்தப் பட்டையின் மேலேயே ஒட்டுங்கள். வளையத்தை இப்போது பட்டையின் இரண்டு கால்கள் பிடித்திருக்கின்றன. ஆகவே வெல்க்ரோ ஒட்டிய காலுக்கு மொத்தச் சுமையில் பாதிதான் வரும். வளையத்தில் பட்டை உராய்வதால் உண்மையில் அதைவிடவும் குறைவு. காலணியிலும் எலும்பு மருத்துவப் பட்டைகளிலும் இந்த வளையத்தைப் பார்த்திருப்பீர்கள். இன்னொரு நன்மை, ஒரே கையால் இழுத்து இறுக்கலாம்.

எவ்வளவு பரப்பு வேண்டும்?

உறுதியான எண் வேண்டுமென்றால் நீங்கள் வாங்கிய பட்டையை நீங்களே அளக்க வேண்டும். விமானப் பயணிகள் பெட்டியைத் தூக்கி எடை பார்க்கும் தொங்கு தராசு போதும். 25 மி.மீ. அகலப் பட்டையில், 4 செ.மீ. நீளம் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி ஒட்டி, ஒரு உருளைக் கட்டையால் நான்கைந்து முறை அழுத்தி உருட்டுங்கள். கையால் அழுத்தினால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண் வரும். ஒரு நுனியை மேசை விளிம்பில் பொருத்தி, மறுநுனியைத் தராசால் பக்கவாட்டில் நேராக இழுங்கள். பிரியும் கணத்தில் காட்டும் எடையைக் குறியுங்கள். ஐந்து முறை செய்து குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி வேண்டாம். பிரிந்துபோகும் பட்டை சராசரியைப் பார்த்துப் பிரிவதில்லை.

தராசு 8 கிலோ காட்டியது என்று வைத்துக்கொள்வோம். ஒட்டிய பரப்பு 10 சதுர செ.மீ., ஆகவே சதுர செ.மீ.க்கு 0.8 கிலோ. தூசி, தேய்மானம், ஈரம், அரைகுறையாக ஒட்டும் அவசரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் ஒரு பங்கை மட்டும் நம்புங்கள்: ஏறத்தாழ 0.27 கிலோ. 6 கிலோ இழுப்பு வரும் இடத்துக்கு 22 சதுர செ.மீ. தேவை. 25 மி.மீ. பட்டையில் அது சுமார் 9 செ.மீ. நீளம். வளையம் போட்டால் நாலரை. 50 மி.மீ. பட்டையிலும் நாலரைதான், ஆனால் உரிக்கும் வலு இரண்டு மடங்கு. எதைத் தேர்வது என்பது யாருடைய விரல் திறக்கப் போகிறது என்பதைப் பொறுத்தது.

அதே தராசால் உரிக்கும் வலுவையும் அளந்துவிடுங்கள். தொழிற்சாலைகளும் இப்படித்தான் இரண்டையும் தனித்தனியே சோதிக்கின்றன. அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் அமைப்பு பக்கவாட்டு வலுவுக்கு டி 5169 என்றும், உரிப்பு வலுவுக்கு டி 5170 என்றும் இரு தனித் தரமுறைகள் வைத்திருக்கிறது. விற்பவரிடம் "நல்லா பிடிக்குமா?" என்று கேட்காமல், இந்த இரண்டு எண்களையும் கேளுங்கள். எண் இருப்பவர் சொல்வார்.

மனித உயிர் தொங்கும் எந்த இடத்திலும் வெல்க்ரோ மட்டும் போதாது. அங்கே பக்கிள் போன்ற பூட்டு வேண்டும்.

எந்த வகை?

பெரும்பாலான வேலைக்கு நெய்த நைலான் போதும். பல ஆயிரம் முறை திறந்து மூடலாம், தைக்கச் சுலபம். ஆனால் நைலான் ஈரத்தை உறிஞ்சும், நனைந்தால் பிடி தளரும், வெயிலில் நாளடைவில் நைந்துபோகும். படகு உறை, மழைக்கோட்டு, மொட்டைமாடிப் பந்தல் என்றால் பாலியெஸ்டரைக் கேளுங்கள்.

வார்ப்பு முறையில் செய்த கொக்கிகள் வேறு. நுண்ணிய குழிகள் கொண்ட உருளையில் உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தி எடுப்பார்கள். மெலிதானவை, விலை குறைந்தவை. குழந்தைகளின் டயப்பர் காதில் இருப்பவை இவைதான். காளான் தலை கொண்ட பட்டை இன்னொரு வகை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, ஒன்றுக்குள் ஒன்று 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். நேர் இழுப்பையும் நன்றாகத் தாங்கும். ஆனால் அடிக்கடி திறப்பதற்கு அல்ல. சுவரில் பலகை மாட்டவும், வாகனங்களின் உள்பலகைகளைப் பொருத்தவும் பயன்படும்.

தீ பக்கத்தில் இருந்தால் சாதாரண நைலானை நினைக்கவே வேண்டாம். விண்வெளிக்காகவே வெல்க்ரோ கண்டுபிடிக்கப்பட்டது என்பது வெறும் வதந்தி. நாசா அதைத் தாராளமாகப் பயன்படுத்தியது மட்டும் உண்மை. 1967 ஜனவரி 27 அன்று அப்போலோ 1 கலத்தில் பயிற்சியின்போது தீப்பிடித்து மூன்று வீரர்கள் இறந்தார்கள். தூய ஆக்சிஜன் நிரம்பிய அந்த அறையில் எரியக்கூடிய நைலான் வலைகளும் வெல்க்ரோவும் ஏராளமாக இருந்தன. பிறகு தீப்பற்றாத இழைகளில் அதை மாற்றிச் செய்தார்கள்.

கொக்கி எந்தப் பக்கம்?

தோலைத் தொடும் பக்கத்தில் கொக்கி வரவே கூடாது. அடிக்கடி துவைக்கும் துணியிலும் கண்ணிதான் இருக்க வேண்டும். சோபா உறை என்றால் கொக்கி கட்டையில், கண்ணி உறையில். இல்லையென்றால் துவைக்கும்போது கொக்கி மற்றத் துணிகளைப் பிறாண்டிவிடும்.

பையில் கொக்கியை மூடியின் அடிப்பக்கம், கீழ்நோக்கி வையுங்கள். மேல்நோக்கி நிற்கும் கொக்கி நூல், முடி, மணல் எல்லாவற்றையும் தின்னும். கையை உள்ளே விடும்போது ஸ்வெட்டரின் கைப்பகுதியையும் பிடித்து இழுக்கும்.

அளவு மாற்றக்கூடிய பட்டையில் கொக்கியைச் சிறிதாகவும் கண்ணியை நீளமாகவும் வையுங்கள். கொக்கி முழுவதும் எப்போதும் கண்ணிக்குள் மறைந்திருக்கும். மணிக்கட்டு போன்ற ஒடுங்கிய வளைவில் இன்னொரு தொல்லை உண்டு. கொக்கிப் பட்டை விறைப்பானது, வளைத்தால் நிமிரப் பார்க்கும், நுனி தானே எழும்பும். நுனி எழும்பினால் உரிப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். கொக்கியை ஒரே நீளத் துண்டாக வைக்காமல், நடுவில் அரை செ.மீ. இடைவெளி விட்டு இரண்டு துண்டுகளாக வைத்தால் வளைவுக்குப் பணியும்.

எலாஸ்டிக் பட்டை என்றால், வெல்க்ரோ தைக்கும் பகுதி மட்டும் விரியாத துணியாக இருக்கட்டும். ஒரு பக்கம் விரிந்து மறுபக்கம் விரியாவிட்டால் சுமை முழுதும் ஓர் ஓரத்துக் கொக்கிகளின் தலையில் விழும்.

வெட்டுதல், தைத்தல்

வேட்டிக்குக் கரை இருப்பதுபோல் நல்ல வெல்க்ரோவுக்கு இருபுறமும் கொக்கியற்ற மெல்லிய கரை இருக்கும். தையல் அந்தக் கரையில்தான் ஓட வேண்டும். கொக்கிகளின் மேல் ஓடினால் ஊசி வழுக்கும், நூல் சிக்கும், கொக்கிகளும் நசுங்கும். 16 எண் ஊசி, பாலியெஸ்டர் நூல், இரண்டரை முதல் 3 மி.மீ. தையல் நீளம். பசை பூசிய பட்டையை ஒருபோதும் தைக்காதீர்கள். நாலு அங்குலத்துக்குள் ஊசியில் பசை ஏறி நூலை அறுத்துவிடும்.

மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர்மூலை சட்டைக்கையில் உரசி முதலில் எழும்பும். சூட்டுக்கத்தியால் வெட்டினால் ஓரம் பிரியாது. ஆனால் உருகிய ஓரத்தில் கடுகளவு கட்டி தட்டியிருக்கும். அதை உங்கள் உள்மணிக்கட்டில் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். உங்களுக்கே கீறினால் குழந்தைக்கு என்ன ஆகும்? ஓரத்தை உள்ளே மடித்தோ நாடாவால் மூடியோ தையுங்கள்.

திறக்கும் நுனியில் 12 முதல் 15 மி.மீ. வரை கொக்கி இல்லாமல் விடுங்கள். விரல் பிடிக்க அந்த வெற்று நுனி வேண்டும். முதியவர்களுக்கென்றால் அதையே விரல் நுழையும் வளையமாக மடித்துத் தைத்துவிடுங்கள். பிரிக்கும்போது முதல் அடி விழுவது அந்த நுனிக்குப் பக்கத்துக் குறுக்குத் தையலில்தான். ஆகவே அங்கே மட்டும் மூன்று முறை போய்த் திரும்புங்கள்.

ஒட்டுவதாக இருந்தால்

பசையோடு வருபவற்றில் ரப்பர் பசை உடனே பிடிக்கும், வெயிலில் நின்ற காருக்குள் இளகி வழியும். அக்ரிலிக் பசை மெதுவாகப் பிடிக்கும், வெப்பம் தாங்கும். மேற்பரப்பை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, காயவிட்டு, ஒட்டி, அழுத்தி, ஒரு நாள் முழுதும் தொடாமல் விடுங்கள். பாலித்தீன், பாலிபுரொப்பிலீன், சிலிகான் ஆகியவற்றில் சாதாரணப் பசை நிற்காது. சுண்ணாம்பு அடித்த சுவரில் பசை நன்றாகவே நிற்கும், சுண்ணாம்புதான் சுவரில் நிற்காது.

துவைத்தல், சுத்தம் செய்தல்

மூடிய நிலையில் துவையுங்கள். வெளுப்பான் வேண்டாம், இஸ்திரிப் பெட்டி கிட்டே வரவேண்டாம். கொக்கிகளில் நூல் அடைந்தால் பழைய பல்துலக்கியால் குறுக்கே தேயுங்கள். முடி சுற்றிக்கொண்டால் ஊசியால் ஒரு முனையைத் தூக்கி இழுத்தால் கொத்தாக வரும்.

அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் பூதக்கண்ணாடியை மறுபடி எடுங்கள். கொக்கிகள் நிமிர்ந்தே நின்றால் கொக்கிப் பக்கத்தை மாற்ற வேண்டும். கண்ணிகள் அறுந்து பஞ்சாகப் பறந்தால் கண்ணிப் பக்கத்தை மாற்ற வேண்டும். பெரும்பாலும் ஒரு பக்கம்தான் போயிருக்கும். மற்றதைப் பிரிக்காமல் விட்டுவிடலாம்.